புதுத் தகட்டில் பெயின்ட் நிற்காது

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்தெரு ஒன்றில் இருக்கும் தகட்டுப் பட்டறை அது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குத் தபால் பெட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன. கடிதமே வராத காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வங்கிக்காரர்களும் காப்பீட்டுக்காரர்களும் இன்னும் காகிதத்தை விடவில்லையே!

ஸ்ப்ரே அடிப்பவரைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் வாசலோரம் மணை போட்டு உட்கார்ந்து பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடமே நேரமெல்லாம் போயிற்று.

“பழைய தகட்டுல பெயின்ட் நிக்கும் சார். புதுசுலதான் நிக்காது” என்றார் மேஸ்திரி. விளையாட்டுப் பேச்சில்லை. ஜிஐ எனப்படும் கால்வனைஸ்டு இரும்புத் தகட்டின் மேல் இருப்பது துத்தநாகம். கிடங்கில் வெண்துரு பிடிக்காமலிருக்க அதன்மேல் எண்ணெய்யோ குரோமேட்டோ பூசித்தான் ஆலையிலிருந்தே அனுப்புகிறார்கள். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் கிடந்த தகட்டில் அந்தப் பூச்சு போய், மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். பெயின்ட்டுக்குப் பிடிமானம் கிடைக்கும். புதுசில் அது வழவழப்பு.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. சாதாரண எனாமலில் இருப்பது எண்ணெய் சேர்த்துச் செய்த ஆல்கைட் பிசின். ஈரம் புகுந்தால் அதிலுள்ள கொழுப்பு அமிலம் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பாகிவிடுகிறது. தகட்டுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே சோப்பு இருந்தால் எது ஒட்டும்? ஓரிரு மழைக்காலம் போனால் நகம் பட்டாலே தோலாக உரிந்து வரும். ‘ரெட் ஆக்சைடு அடிச்சிட்டீங்கல்ல?’ என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்களாம். வெறும் இரும்புக்கு அது சரி. கடையில் கிடைக்கும் ரெட் ஆக்சைடு பெரும்பாலும் ஆல்கைட்தான் என்பதால் ஜிஐயில் அதே கதை.

அக்காவின் வேலை பனியன் வேஸ்டும் தின்னரும். ஒரு பெட்டியைத் துடைத்த துணியை அடுத்த பெட்டிக்கு எடுக்க மாட்டார். “அழுக்குத் துணியால துடைச்சா எண்ணெய்ய இங்கிருந்து அங்க தேய்ச்சு விடுறதுதான்” என்றார். பிறகு சோப்புத் தண்ணீர், பச்சை நார், அலசல். கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரைப் பெட்டி மேல் ஊற்றிச் சாய்த்துப் பார்க்கிறார். தண்ணீர் விரிப்பாகப் பரவி நின்றால் சுத்தம். தாமரை இலையில் நிற்பதுபோல முத்து முத்தாகத் திரண்டால் மறுபடியும் தின்னர். ஆய்வகத்துக்காரர்கள் இதே சோதனைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது, தேவையும் இல்லை. தேறிய பெட்டியை விளிம்பைப் பிடித்துத்தான் தூக்குவார். வெறும் விரல் பட்டால் வியர்வையின் உப்பும் பிசுக்கும் அங்கேயே தங்கிவிடும். உப்புத்தாளும் லேசாகத்தான். அழுத்தித் தேய்த்தால் துத்தநாகமே போய்விடும்.

அவருடைய விரல்கள் வெளுத்து வெடித்திருந்தன. கையுறை கொடுத்தார்களாம், தின்னரில் ஊறி உப்பிப்போய்க் கிழிந்துவிடுகிறதாம். தொழிலாளி கையைக் காக்கத் தெரியாத கையுறையை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று நினைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்தது வாஷ் பிரைமர். இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் பிசின், மற்றதில் பாஸ்பாரிக் அமிலம். கலந்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். அமிலம் துத்தநாகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்கிறது. சுமார் 10 மைக்ரான் கனம் போதும், அடியில் தகடு மங்கலாகத் தெரிய வேண்டும். ‘நல்லா திக்கா அடிங்க’ என்று மேற்பார்வைக்கு வருபவர்கள் சொல்வதுதான் இங்கே பெரிய தொல்லை. ஸ்பாட் வெல்டிங்கில் துத்தநாகம் எரிந்துபோன புள்ளிகளுக்குத் தனியாக ஜிங்க் பிரைமர் தொட்டு வைக்கிறார்கள். கடிதம் போடும் வாயின் வெட்டு விளிம்பை அரம் போட்டு மழுக்குகிறார்கள்; கூரான விளிம்பில் பெயின்ட் விலகி மெலிந்துவிடும், துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

காய்ந்து இறுகிய மாதிரித் தகடு ஒன்றில் பிளேடால் நெடுக்கே ஆறு, குறுக்கே ஆறு கீறல் போட்டார் ஸ்ப்ரேக்காரர். 25 சின்னக் கட்டம். மேலே டேப்பை ஒட்டிச் சரக்கென்று இழுத்தார். ஒரு கட்டமும் பெயரவில்லை. “என் கை ராசி” என்று சிரித்தார். அக்கா நிமிரக்கூட இல்லை.

பில்லில் ‘பெயின்டிங்’ என்று ஒரே வரி. துடைப்பதற்குத் தனி வரி கிடையாது. “ரேட்டைக் குறைக்கச் சொன்னா எதைக் குறைப்பேன்? பெயின்ட்டைக் குறைச்சா அன்னைக்கே தெரிஞ்சிடும்” என்றார் மேஸ்திரி. இந்த ஆர்டரிலும் பேரம் பேசியிருக்கிறார்கள். துடைக்க இருவர் இருந்த இடத்தில் இப்போது அந்த அக்கா மட்டும்தான்.