கார் ஸ்ராட் ஆகாத கிழமை

சாவியைத் திருப்பும்போது கார் இரண்டு விதமாக அடம்பிடிக்கும். ஒன்று, 'டிக் டிக் டிக்' என்று வேகமாகச் சத்தம் வரும், லைற் எல்லாம் மங்கும். அது பெரும்பாலும் பற்றரி. மற்றது, ஒரேயொரு 'டிக்'. லைற் பளிச்சென்று எரியும், எஞ்சின் அசையவே அசையாது. எங்கள் காருக்கு வந்தது இரண்டாவது வியாதி.

எங்களுடையது 16 வருடப் பழைய கார். அப்பாவை விடிய ஐந்து மணி ஷிஃப்ற்றுக்குக் கொண்டுபோவது அதுதான். அவர் வேலை செய்யும் வெயர்ஹவுஸ் ரொறொன்ரோவுக்கு வெளியே இருக்கிறது, அந்த நேரத்தில் அங்கே போகப் பஸ் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கார் நின்றது. திங்கள் விடிய அப்பா வேலைக்குப் போக வேண்டும். கராச்சில் விசாரித்தோம், ஸ்ராட்டர் மாற்றக் கூலியோடு 650 டொலர் என்றார்கள். பாட்ஸ் கடையில் ஸ்ராட்டர் மட்டும் 190 டொலர். அம்மா கணக்குக் கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

"நாங்களே மாத்துவம்" என்றார் அப்பா. பிறகு தன்னுடைய வலது தோளைத் தடவிக்கொண்டு, "ஆனா நீதான் பிள்ளை காருக்குக் கீழ போகவேணும்" என்றார். பெட்டி தூக்கித் தூக்கி அந்தத் தோள் போய்விட்டது. கையை உயர்த்திப் பிடித்து எதையும் இறுக்க அவரால் முடியாது.

ஸ்ராட்டர் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாவியைத் திருப்பியதும் ஒரு சிறிய வயரில் கொஞ்ச மின்சாரம் சொலனொயிட் என்ற பகுதிக்குப் போகும். அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும். சுமார் 10 பல் உள்ள ஒரு சின்னப் பல்லுச்சில்லை வெளியே தள்ளி, எஞ்சினில் நூற்றுக்கு மேல் பல் உள்ள பெரிய சில்லோடு கொழுவிவிடும். கூடவே இரண்டு செப்புத் துண்டுகளைத் தொடுத்துவிடும். அந்த வழியாகப் பற்றரியிலிருந்து நூறு அம்பியருக்கும் மேலான மின்சாரம் பாய்ந்து மோட்டாரைச் சுற்றும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் சின்னச் சில்லு பின்னுக்கு வந்துவிடும். இவ்வளவும் ஒன்றிரண்டு செக்கனில் முடிந்துவிடும்.

நான் அன்றே புது ஸ்ராட்டர் வாங்கலாம் என்றேன். அப்பா விடவில்லை. "எது பழுது எண்டு தெரியாமல் காசு குடுக்கக் கூடாது." முதலில் பற்றரி முனைகளில் படிந்திருந்த வெள்ளைத் தூளை அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் ஊற்றித் தேய்த்தோம். மீற்றர் வைத்துப் பார்த்தபோது பற்றரி 12.5 வோல்ட் காட்டியது, அது நல்ல எண். பிறகு நான் கீழே போய் ஸ்ராட்டரின் சின்ன வயரில் மீற்றரைப் பிடித்தேன். கார் பார்க் கியரில், கைப்பிரேக் போட்டபடி இருந்தது. அப்பா சாவியைத் திருப்பினார். 12 வோல்ட் வந்தது. அதாவது 'சுற்று' என்ற கட்டளை ஸ்ராட்டருக்கு வந்து சேர்கிறது, ஸ்ராட்டர்தான் கேட்கவில்லை. "இப்ப போய் வாங்கலாம்" என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. நீங்களும் ஒருநாள் செய்வதாக இருந்தால் இந்த மூன்றை மறக்க வேண்டாம். ஒன்று, சமதரையில் சில்லுகளுக்கு அடை வைத்து, ஜக் ஸ்ராண்டில் காரை இருத்திய பிறகுதான் கீழே போக வேண்டும். வெறும் ஜக்கை நம்பிக் காருக்குக் கீழே போகவே கூடாது. இரண்டு, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மூன்று, பற்றரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். பற்றரியிலிருந்து ஸ்ராட்டருக்கு வரும் தடித்த வயருக்கு அநேகமான கார்களில் ஃபியூஸ் இல்லை. அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பனர் அதையும் காரின் இரும்பையும் ஒன்றாகத் தொட்டால் பொறி பறக்கும், கை எரியும்.

கழற்ற வேண்டியவை என்று பார்த்தால் கொஞ்சம்தான். தடித்த வயரின் நட், சின்ன வயரின் கொழுவி, ஸ்ராட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட். ஆனால் இரண்டாவது போல்ட் 16 வருடக் கறளோடு இருந்தது. எண்ணெய் அடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார் அப்பா. நான் கீழே கார்ட்போர்ட் மட்டையில் கிடந்தேன். அவர் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்தது அவருடைய சப்பாத்து மட்டும்தான்.

"எங்கட காலத்தில உந்த மோட்டாரே சும்மாதான் கிடந்தது" என்று சப்பாத்துப் பக்கமிருந்து குரல் வந்தது.

நான் அசையாமல் கிடந்தேன். ஊரைப் பற்றிப் பலமுறை கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட அசைன்மென்ற்றுக்காக ஃபோனில் ரெக்கோர்ட் போட்டும் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் முடிஞ்சுது பிள்ளை" என்பதோடு கதை நின்றுவிடும்.

1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியபோது அப்பாவுக்கு 14 வயது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றரியும் தடை. அவருடைய பெரியப்பா ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றை வாடகைக்கு ஓடினார். பற்றரி செத்துப்போனதால் முன்பக்க ஓட்டைக்குள் இரும்புக் கைபிடியைச் செருகிக் கையால் சுற்றித்தான் ஸ்ராட் செய்ய வேண்டும். ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. கைபிடி சுற்றுவது அப்பாவின் வேலை.

"பெருவிரலையும் மற்ற விரலோட ஒரே பக்கத்தில வைக்கவேணும். சுத்திப் பிடிச்சா, எஞ்சின் திருப்பி அடிக்கேக்க விரல் முறிஞ்சிடும்."

பிறகு தேடிப் பார்த்தேன். உலகம் முழுவதும் அப்படிக் கை முறிந்தவர்கள் ஏராளம். சார்ள்ஸ் கெற்றறிங் என்ற அமெரிக்கர் உருவாக்கிய மின்சார ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலக் கார்களில் வந்தது அதனால்தான் பெரிய விஷயமானது. அதற்கு எழுபத்தெட்டு வருடம் கழித்து என் அப்பா மறுபடியும் கைபிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு இரவு சுகமில்லாத ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டியிருந்ததாம். கார் பதினைந்து தரம் சுற்றியும் எழும்பவில்லையாம். "பதினாறாவது தரம் எழும்பிச்சு" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு, "இப்ப போல்ட்டைத் திருப்பிப் பார்" என்றார். அது கிறீச்சென்று கழன்றது.

புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணினோம், போல்ட் ஓட்டைகளை ஒப்பிட்டோம். ஸ்ராட்டர் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கினேன். மின்சாரம் திரும்பிப் போகும் பாதை அந்த இரும்புதான். போல்ட்டுகளை முதலில் விரலால் புரியேற்றி, பிறகு ஸ்பனரால் இறுக்கினேன். பற்றரி வயரைக் கடைசியாகக் கொழுவினோம். சாவியைத் திருப்பியது அம்மா. ஒரே தரத்தில் எழும்பியது. அம்மா கை தட்டினார்.

அன்றிரவு அப்பா பழைய ஸ்ராட்டரைச் சமையலறை மேசையில் பேப்பர் விரித்துத் திறந்தார். உள்ளே அந்த இரண்டு செப்புத் துண்டுகளில் ஒன்று தேய்ந்து கறுத்துப் பள்ளமாகியிருந்தது. அவ்வளவுதான் பழுது. "ஊரில எண்டா இந்தச் செப்பை மட்டும் மாத்தியிருப்பம்" என்றார். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி வைத்தார். பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் டெபொசிற் 40 டொலரைத் திருப்பித் தருவார். அந்தக் கடை மூலம் அது திருத்தப்பட்டு இன்னொருவருடைய காருக்குப் போகும்.

உங்கள் வீட்டிலும் கேட்டால் கதை சொல்லாத ஒருவர் இருக்கலாம். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்கும்போது அவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கலாம், தொடங்கினால் எங்கே நிற்கும் என்ற பயமும் இருக்கலாம். கையில் ஒரு வேலை இருந்தால், பார்வை அதில் இருக்கும். வாய் தன்பாட்டில் திறக்கும். அது காராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மீன் வெட்டுவது, தையல் மிசினுக்கு எண்ணெய் விடுவது, எதுவாகவும் இருக்கலாம். அவர்களுக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத வேலையாக இருந்தால் சரி.

எங்களுக்கு அடுத்தது பிரேக் பாட், கோடையில். என்ன கேட்பது என்று நான் இப்போது யோசிப்பதில்லை. "அப்பா, பத்தாம் நம்பர் ஸ்பனர் எங்க?" என்று கேட்டால் போதும். அது எப்போதும் தொலைந்துதான் இருக்கும். தேடி முடிக்க நிறைய நேரம் எடுக்கும்.