பெட்டிக்குள்ள நம்ம தப்பு இருக்கா?

ரோலண்ட் ஜே.வி.1080. 1994இல் வந்த பெட்டி. பார்த்தால் பழைய வீடியோ டெக் மாதிரித்தான் இருக்கும். கட்டைகள் எதுவும் கிடையாது. 19 அங்குல ராக்கில் ஸ்குரூ போட்டு மாட்டிவிட்டு, வேறொரு கீபோர்டிலிருந்து மிடி வயர் குத்தினால்தான் பாடும். கண்டியில் பேண்டை விட்டுப்போன ஒரு அண்ணாவிடம் நாங்கள் நாலு பேரும் காசு சேர்த்து வாங்கினோம்.

மிடி வயருக்குள்ளே சத்தம் ஓடுறதில்லை. எந்தக் கட்டையை, எவ்வளவு அழுத்தமாக அடித்தோம் என்ற செய்தி மட்டும்தான் போகும். சத்தம் போடுவது பெட்டி. ஒரே நேரத்தில் 64 குரல், 16 பகுதி. ஆனால் நல்ல கனமான வயலின் சத்தமொன்றுக்கு நாலு குரல் செலவானால், 16 ஸ்வரத்தோடு கணக்கு முடிஞ்சிரும்.

பயிற்சியைப் பார்க்க வந்த தாத்தா ஒருவர், எங்கள் தோட்டத்தில் தப்பு அடிக்கிறவர், கேட்டார்: "தம்பி, இதுல நம்ம தப்பு இருக்கா?" "பெட்டியில தப்பே இல்ல தாத்தா" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. "பெட்டியிலயே தாளம் வருதுதானே, திருவிழாவுக்கு இனி தப்பு எதுக்கு?" என்ற பேச்சு அப்போது கோயில் கமிட்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

தேடிப் பார்த்தோம். 1991இல் ஜப்பானிய, அமெரிக்கக் கம்பெனிகளின் சங்கங்கள் 'ஜெனரல் மிடி' என்று 128 சத்தங்களுக்கு ஒரு வரிசை போட்டன. 105ஆவது சித்தார். 112ஆவது ஷெனாய். 117ஆவது ஜப்பானின் தைக்கோ மேளம். நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, தப்பும் இல்லை. யாரும் வேண்டுமென்று ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை; வரிசை போட்ட மேசையில் நம்ம ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துர இங்கேதான், பக்கத்தில் இருக்கிறது. மலையகத் தோட்டங்களில் விடியக்காலை பெரட்டுக்கு ஆளை எழுப்பியதும் தப்புதான். காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் அதேதான். தோலை நெருப்பில் காய்ச்சினால் ஒரு சத்தம், பனியில் ஊறினால் வேறு சத்தம். பெட்டிக்குள் எரித்து வைத்த சத்தமோ எல்லா மாதமும் ஒன்றுதான்.

ஜே.வி.1080இல் புதுச் சத்தம் பதிய முடியாது. அதனால் தாத்தாவை அடிக்கச் சொல்லி போனில் பதிந்தோம்: தடித்த குச்சி, மெல்லிய குச்சி, நடு, ஓரம் என்று தனித்தனியாக. லேப்டாப்பில் போட்டு, கட்டைகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சத்தம் சரி தம்பி. ஆனா சாமி ஆடும்போது இது ஆளப் பார்த்து அடிக்காதே."

அதையே கமிட்டியிடம் போய்ச் சொன்னோம். இந்த வருடம் மேடையில் பெட்டி, அதற்கு முன்னால் ஒரு மைக், மைக்குக்கு முன்னால் தாத்தா. அவருக்கும் பேண்ட்காரர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம். அதை மட்டும் கமிட்டி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்களும் விடுவதாக இல்லை.