கடலாடிய தலைவி
இருபது ஆண்டுகளாக நெய்தல் திணை நடத்துகிறேன். உரிப்பொருள் இரங்கல், தலைவி கரையில் நின்று வருந்துவாள் என்றே சொல்லிவந்தேன். குடும்பத்தோடு போன கடற்கரைகளில் நானும் கரையில்தான் நின்றேன், செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக. ஈரத்துணி உடம்பில் ஒட்டினால் நாலுபேர் பார்ப்பார்கள் என்பது அம்மா கொடுத்த பயம்.

44 வயதில் தோழிகள் மூவரோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போனேன். 2018 முதல் அதன் பெயர் சுவராஜ் தீவு. காலையில் கிழக்கே காலாபத்தர் கடற்கரையின் கரும்பாறைகளிடையே நடந்தோம். மாலையில் மேற்கே ராதாநகர். அலை இடுப்பைத் தொட்டதும் கை துப்பட்டாவைத் தேடியது. அது கரையில் பைகளோடு கிடந்தது. காவலுக்கு யாருமில்லை. பொழுது சாயும்வரை நான் கரையேறவில்லை.

கல்லூரி திறந்ததும் அதே பாடல்களைப் புரட்டினேன். நெய்தல் தலைவி தோழியரோடு கடலாடவும் செய்கிறாள். அந்த வரிகளைத்தான் இத்தனை ஆண்டுகளாக வேகமாகக் கடந்து போயிருக்கிறேன்.