இறக்கத்தில் சிக்கிய பிஸ்டன்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும் பாதை. கோமுகி அணைக்குக் கொஞ்சம் மேலே, என் ஆர்.எக்ஸ். 100 பைக்கின் பின்சக்கரம் சட்டென்று இறுகிவிட்டது. டயர் ரோட்டில் தேய்ந்து கிறீச்சிட, கை தானாகக் கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். அப்பா 1992-இல் வாங்கிய வண்டி. காலையில் நண்பரையும் ஒரு சிப்பம் அரிசியையும் சுமந்துகொண்டு முனகாமல் ஏறியது, ஒற்றை ஆளோடு இறங்கும்போது ஏன் உயிரை விட்டது?

நண்பர் மலையில் ஆசிரியர். அவர்தான் அந்த மெக்கானிக்கின் வீட்டுக்கு வழி சொன்னார். போர்டு கிடையாது, வேப்பமரத்தில் ஒரு பழைய சைலன்சர் தொங்கும், அதுதான் அடையாளம். வேலை எல்லாம் வீட்டுத் திண்ணையில். அறுபதை நெருங்கும் வயது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். கிக்கரை மிதித்துப் பார்ப்பார் என்று நினைத்தால், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏத்தத்துலயா, எறக்கத்துலயா?"

"எறக்கத்துலண்ணே."

"அதான பார்த்தேன். ஏத்தத்துல போற வண்டி பொழச்சிக்கும் தம்பி. எறக்கத்துல வர்றதுதான் எங்கிட்ட வரும்."

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு எண்ணெய் போவது பெட்ரோல் காற்றோடு சேர்ந்துதான். ஆர்.எக்ஸ்-இல் அதற்குத் தனி பம்ப் உண்டு. எஞ்சின் சுற்றும் வேகத்தையும், ஆக்சிலரேட்டரை எவ்வளவு திருகியிருக்கிறோம் என்பதையும் பொறுத்து அது எண்ணெய் விடும். நானோ பிரேக்கை மிச்சம் பிடிக்க நினைத்து, இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு வளைவு வளைவாக இறங்கியிருக்கிறேன். எஞ்சின் அலறிச் சுற்றுகிறது, எண்ணெயோ சொட்டுச் சொட்டாக. இரும்பு சிலிண்டரைவிட அலுமினிய பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும். கவ்விக்கொண்டது. பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றுவது மலைக்காரர்கள் பலரின் வழக்கம். அதைக் கேட்டேன். "பெட்ரோலே போவாதப்ப அதுல கலந்த ஆயில் மட்டும் எப்படிப் போவும்?" என்றார்.

வண்டி 98 சி.சி.தான். சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50. ஆனால் கிராங்க் ஒருமுறை சுற்றினால் ஒருமுறை வெடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்குத்தான் ஒரு வெடிப்பு. வண்டியின் எடையும் குறைவு. கல்வராயன் மலைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வண்டி என்பார் அவர். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோனது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக டூ-ஸ்ட்ரோக் இனமே ரோட்டை விட்டு விலகியது.

ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் பிளாக்கை மேலே உருவினார். கிராங்க் கேஸின் வாயில் துணியை அடைத்துவிட்டுத்தான் பிஸ்டன் பின்னின் சர்க்ளிப்பைத் தொட்டார். அது உள்ளே விழுந்தால் மொத்த எஞ்சினையும் பிளக்க வேண்டும். என் எஞ்சினைப் பிளந்தே ஆக வேண்டியிருந்தது, அது வேறு கதை. கனெக்டிங் ராடில் ஆட்டம். கிராங்க் சேலம் போய் வந்தது. கியர் பெட்டியை அவர் மாட்டியதை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எழுதுகிற அளவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கழற்றிய பிஸ்டனை என் கையில் கொடுத்தார். புகைபோக்கும் பக்கத்தில், நகத்தால் கீறியதுபோல மேலிருந்து கீழாக வெள்ளிக் கோடுகள். பிஸ்டன் ரிங் ஒன்று பள்ளத்திலேயே ஒட்டிப்போயிருந்தது.

பிளாக்கைக் கள்ளக்குறிச்சி லேத்துக்குக் கொண்டுபோய் 0.50 மில்லிமீட்டர் அகலமாகப் போர் போட்டு வந்தோம். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் திண்ணையில் சம்மணம் போட்டு, பென்சில் பருமனில் ஓர் அரத்தை எடுத்தார். போர் போட்டதும் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் ஓட்டைகளின் விளிம்பு கத்திபோல ஆகிவிடும். ஓட்டையைக் கடக்கும்போது ரிங் லேசாகப் பிதுங்கும். அந்தக் கத்தியில் மாட்டினால் உடையும். ஒவ்வோர் ஓட்டையாக, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு என்று உள்ளே கைவிட்டு மழுக்கிக்கொண்டே இருந்தார். கண் பார்ப்பதில்லை, விரல் தடவிப் பார்க்கும், மறுபடி அரம். டீ ஆறிப்போனது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். "லேத்துல இத யாரும் செய்ய மாட்டாங்க. செஞ்சாலும் செய்யலன்னாலும் அதே கூலிதான்."

எனக்குக் கோபம் வந்த இடமும் இதுதான். இந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் ரசீதில் ஒரு வரிகூட இடம் கிடையாது. ஆனால் நகரத்துத் தரகர்கள் மலை வீடுகளில் கோழி அடையும் ஆர்.எக்ஸ்-களைத் தேடி வருகிறார்கள். "பழைய இரும்பு" என்று பேரம் பேசி அள்ளிக்கொண்டு போகிறார்கள். பெயின்ட் அடித்து, குரோம் பூசி, சென்னையிலும் பெங்களூரிலும் லட்சத்துக்கு மேல் விற்கிறார்கள். விற்றவருக்கு விலை தெரியாது. வாங்கியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அட்டைப் பெட்டியில் 'ஒரிஜினல்' என்று அச்சடித்த டூப்ளிகேட் பிஸ்டன் கிட்கள் இன்னொரு கொள்ளை. அப்படி ஒன்றை நானே வாங்கிக்கொண்டு போனேன். அவர் ரிங்கைப் பிளாக்குக்குள் விட்டு, வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பெட்டியை என் பக்கம் தள்ளினார். இரண்டாவது பெட்டி தேறியது.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க, எண்ணெய் தடவி, ரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கி பிளாக்கை இறக்கினார். நான்காவது மிதியில் பிடித்தது. தெருவே நீலப் புகை. அடுத்த வீட்டு அம்மா கொடியிலிருந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

காசை வாங்கி எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "500 கிலோமீட்டர் ஓடற வரைக்கும் மலைப்பக்கம் வராத. அதுக்கப்புறம் வந்தாலும், எறங்கறப்ப கிளட்ச்சப் புடிச்சி நாலு வளைவுக்கு ஒருக்கா ஆக்சிலேட்டர முறுக்கிக் குடு. அதுக்கும் தாகம் எடுக்கும்."

இன்று காலை மீட்டர் பார்த்தேன். 312 ஓடியிருக்கிறது.