தும்மினா சிறுநீர் கசியுதா? வயசுன்னு விட்டுடாதீங்க

1/ இருமினா, தும்மினா, சத்தமா சிரிச்சா, தண்ணிக் குடம் தூக்கினா சொட்டுச் சொட்டா சிறுநீர் கசியுதா? உங்களுக்கு இல்லைன்னா உங்க அம்மாவுக்கு இருக்கலாம். கேட்டுப் பாருங்க.

2/ சேலம், நாமக்கல் பக்கம் ஓபியில் இதை யாரும் முதல்ல சொல்றதில்லை. இருமலுக்கு மாத்திரை வாங்கிட்டு எழுந்திரிக்கும்போது, "இருமினா சேலை நனைஞ்சிடுதுங்க"ன்னு மெதுவா சொல்வாங்க. எத்தனை நாளா? "சின்னவன் பொறந்ததுல இருந்துங்க." சின்னவன் காலேஜ் படிச்சிட்டு இருப்பான்.

3/ அவங்களா கண்டுபிடிச்ச வைத்தியம், தண்ணி குடிக்காம இருக்கறது. நம்ம ஊரு வெயில்ல, தறிப்பட்டறையிலும் கோழிப்பண்ணையிலும் நாள் முழுக்க இப்படி இருந்தா எரிச்சல், கிருமித்தொற்று, மலச்சிக்கல் வரும். முக்கி முக்கி மலம் கழிச்சா கசிவு இன்னும் கூடும்.

4/ ஏன் கசியுது? இடுப்பெலும்புக்கு அடியில் தசைகள் ஒரு தூளி மாதிரி கட்டியிருக்கு. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது. பிரசவம், உடல் எடை, நாள்பட்ட இருமல், மாதவிடாய் நிற்பது இதெல்லாம் தூளியைத் தளர்த்திடும்.

5/ தசைதானே? பயிற்சி கொடுத்தா பலமாகும். 1948-ல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கீகல் இதை எழுதினார். அதனால்தான் இது கீகல் பயிற்சி.

6/ எந்தத் தசை? நாலு பேர் நடுவுல வாயு வெளியேறாம அடக்குவீங்களே, அந்தத் தசை. அதோட சிறுநீரையும் அடக்குற மாதிரி உள்ளே, மேலே இழுங்க.

7/ 5 விநாடி இறுக்குங்க. 5 விநாடி முழுசா தளர்த்துங்க. இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு 3 வேளை. முடியலைன்னா 3 விநாடியில் ஆரம்பிச்சு, போகப் போக 10 விநாடி வரைக்கும் கூட்டுங்க. தளர்த்துறதும் பயிற்சியில் பாதி.

8/ மூச்சை அடக்காதீங்க. வயிறு, தொடை, புட்டத்தை இறுக்காதீங்க. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க, பை முழுசா காலியாகாது.

9/ தும்மல் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் முதல்ல இறுக்குங்க, அப்புறம் தும்முங்க. குடம் தூக்கும்போதும் அப்படியே.

10/ ஒரு வாரத்துல மாறாது. 3 மாசம் விடாம செய்யணும். பஸ்ல உட்கார்ந்தே செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

11/ ஆண்களே, புராஸ்டேட் ஆபரேஷனுக்கு அப்புறம் கசிவு இருந்தா உங்களுக்கும் இதேதான். டியூப் எடுத்த பிறகு, டாக்டரைக் கேட்டு ஆரம்பிங்க.

12/ சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோட எரிச்சல், கீழே ஏதோ இறங்கின மாதிரி இருக்கறது, அடிவயிற்று வலி, கால் மரத்துப்போறது இருந்தா பயிற்சியோட நிக்காதீங்க, உடனே வாங்க. சர்க்கரையும் பார்த்துடலாம்.

13/ சரியா செய்யறோமான்னு சந்தேகமா? அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் கேளுங்க. 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பிசியோதெரபி உண்டு. வீட்டுக்கு வர்ற சுகாதாரத் தன்னார்வலர் அக்காகிட்ட சொல்லுங்க.

14/ அம்மாகிட்ட எப்படிப் பேசறதுன்னு கூச்சமா இருந்தா, இதை வாசிச்சுக் காட்டுங்க. தண்ணியையும் நல்லா குடிக்கச் சொல்லுங்க.