பச்சிளங் குழந்தையும் பச்சிலையும்

வீராணம் ஏரியை அடுத்துள்ள எமது ஊராகிய லால்பேட்டையிலே வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. வெற்றிலை எம்மூர்த் தாய்மார்க்கு விருந்துக்குரிய பொருள் மாத்திரமன்று, மருந்துக்குரிய பொருளுமாம். குழந்தைக்கு வயிறு உப்பினால், விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலையை அனலில் வாட்டி, இளஞ்சூட்டோடு வயிற்றின்மேல் இடுவர். காது குத்திய புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவுவர். அழும் பிள்ளைக்கு வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றைக் கல்லில் இழைத்து உரைமருந்து புகட்டுவர். இவற்றால் வளர்ந்த நாம் இவற்றை இகழத் துணியோம். ஆயினும், ஊசியும் கத்தியும் குழந்தையின் உடம்பைத் தீண்டும் வேளையில் இவை எவ்வளவு துணைசெய்யும் என்பதை ஆராய்தல் நமது கடமையாகும்.

இஃது அற்ப விஷயமன்று. பிறந்த 6, 10, 14 ஆம் வாரங்களில் குழந்தைக்குத் தடுப்பூசி இடுகின்றனர். அன்றிரவு தொடை வீங்கிச் சுரமும் கண்டால், தாய் விடியுமளவும் விழித்திருக்கிறாள். அடுத்த தவணை வரும்போது, “போன முறை பிள்ளை துவண்டு போயிற்றே” என்று தயங்குகிறாள். கக்குவான் இருமலும் தொண்டை அடைப்பானும் அவள் தயக்கம் தீருமளவும் காத்திரா. ஆதலின் குழந்தையின் வலியைத் தணித்தலும் நோய்த்தடுப்பில் ஒரு பகுதியே.

பச்சிளங் குழந்தைக்கு வலியுணர்ச்சி அவ்வளவாக இல்லை என்று கற்றோரே நெடுங்காலம் கருதியிருந்தனர். மேனாட்டு மருத்துவமனைகளில் 1980-களிலுங்கூடப் பிறந்த சிசுக்களுக்குப் போதிய மயக்கமருந்தின்றிச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டதுண்டு. மயக்கமருந்தைச் செவ்வனே பெற்ற சிசுக்கள் சிகிச்சைக்குப் பின் நன்கு தேறுகின்றன என்பதை, கன்வல்ஜீத் ஆனந்த் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் 1987 இல் ‘லான்செட்’ பத்திரிகையில் எடுத்துக்காட்டினர். எம்மூர் மூதாட்டியர்க்கு இந்த ஐயம் ஒருநாளும் இருந்ததில்லை. குழந்தை அழுதால் அதற்கு நோகிறது என்றே கொண்டனர்.

அவர்கள் கொண்ட கருத்து மெய்யே; கொடுத்த மருந்து யாவும் நலமென்று சொல்லற்கில்லை. குழந்தையை உறங்கச் செய்ய அபின் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்ததென்பது 1893 முதல் 1895 வரை விசாரணை நடத்திய அபின் கமிஷனின் ஏடுகளால் விளங்கும். அவ்வுறக்கம் மூச்சையே அடக்கிவிடக் கூடும். ‘பிள்ளை வளர்ப்பான்’ எனப் பெயர் பெற்ற வசம்பிலும் நஞ்சுண்டென்று கண்டு, அமெரிக்க நாட்டில் 1968 இல் அதனை உணவிற் சேர்த்தலைத் தடுத்தனர். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. ஊசியிட்ட இடத்தில் மஞ்சளோ, எண்ணெயோ, பச்சிலைச் சாறோ தடவலாகாது.

ஆனால் மூலிகை வலியை வெல்லவில்லையென்று எண்ணற்க. தென்னமெரிக்கக் கோக்கா இலையினின்று எடுத்த சத்தைக் கார்ல் கோலர் என்பவர் 1884 இல் கண் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். உறுப்பை மாத்திரம் மரக்கச்செய்யும் மருந்துமுறை அதனின்று வளர்ந்தது. இன்று மருத்துவமனையில் சுன்னத்துச் செய்யப்பெறும் சிறுவனின் நோவைக் குறைப்பதும் அம்முறையே. இலையில் உள்ள குணத்தைப் பிரித்தறிந்து அளவு கண்டபின்னரே அது மருந்தாயிற்று.

அங்ஙனமாயின், தடுப்பூசி நாளில் தாய் செய்யத்தக்கது யாது? உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறிய வழிகள் மிக எளியவை. குழந்தையை மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளல் வேண்டும். ஊசி இடுமுன்னரேனும் இடும்பொழுதேனும் தாய்ப்பால் ஊட்டல் வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளையின் கருத்தை வேறொன்றிற் செலுத்தல் வேண்டும். “வலிக்கவே வலிக்காது” என்று பொய் கூறலாகாது. ஒருமுறை ஏமாந்த பிள்ளை மறுமுறை நம்பமாட்டான். பின்னர்ச் சுரம் கண்டால் மருத்துவர் குறித்த அளவில் மருந்து கொடுத்தல் போதும்.

நமது கல்லூரியிற் பயின்று மருத்துவராயும் செவிலியராயும் கிராமங்களுக்குச் செல்லும் நண்பர்கட்கு ஒன்று கூறுவோம். மூதாட்டியின் கையிலுள்ள உரைகல்லைக் கண்டு நகையாதீர்கள். குழந்தைக்கு நோகிறது என்ற அவள் சொல்லை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பின் வசம்பை விலக்கச் சொன்னால் அவள் கேட்பாள்.