யாரும் நினைக்கவில்லை, புரைதான் ஏறியது

சாப்பிடும்போது புரையேறினால் நம்ம ஊரில் என்ன செய்வோம்? உச்சந்தலையில் ரெண்டு தட்டு தட்டி, "யாரோ நினைக்கிறாங்க"ன்னு சொல்லி, ஒரு டம்ளர் தண்ணியை நீட்டுவோம். நானும் அதைத்தான் செய்தேன். அதிலேயே என் அப்பத்தா போய்ச் சேர்ந்திருக்கும்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்காதீங்க. ஆஸ்பத்திரி வராண்டாவில் பதினோரு நாள் படுத்தால் எல்லாப் பாடமும் வரும்.

அப்பத்தாவுக்கு 78 வயசு. திருமங்கலம் பக்கம் கிராமம். கொல்லையில் பாசி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், நல்லபடியாகவே முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் காலைத்தான் பார்த்தார்கள். தொண்டையை யார் பார்த்தார்கள்?

ஆபரேஷனுக்குக் கழற்றிய பல்செட் அத்தையின் சுருக்குப் பையிலேயே கிடந்தது. வலி மருந்தில் அப்பத்தா பாதித் தூக்கம். "வயிறு காயக்கூடாது"ன்னு ஆளாளுக்கு ஊட்டினோம். நான் ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு, படுத்தவாக்கிலேயே இளநீர் கொடுத்தேன். இருமியது. தலையைத் தட்டினேன். "பேரன் நான் இங்கதானே இருக்கேன், வேற யாரு அப்பத்தா உன்னை நினைக்கிறது?"ன்னு கிண்டல் வேறு.

நாலாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. நிமோனியா என்றார்கள்.

அப்புறம்தான் ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா ஒருவர் வந்தார். "அப்பத்தா நல்லாத்தானே பேசுது?" என்றேன். "பேசுறதும் விழுங்குறதும் ஒரே தொண்டைதான் தம்பி" என்றார்.

தொண்டை சோற்றுக்கும் காற்றுக்கும் பொதுப் பாதை. விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நின்று, குரல்வளை மேலே ஏறி, மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும். வயதானால் அந்தத் தசைகள் தளரும். அடிபட்டு, அரைகுறையாய்ச் சாப்பிட்டு, மருந்து மயக்கத்தில் படுத்திருந்தால் இன்னும் மோசம். கெட்டிக் கஞ்சியைவிடத் தண்ணிதான் வேகமாய் ஓடி நுரையீரல் பக்கம் தப்பிப் போகும் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிலருக்கு இருமலே வராமலும் உள்ளே இறங்குமாம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைப் பற்றி ஆஸ்திரேலியாவில் 2013-ல் வந்த ஓர் ஆய்வில், சுமார் மூன்றில் ஒருவருக்கு விழுங்குவதில் சிக்கல் இருந்தது.

உணவின் கெட்டித்தன்மைக்கு ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று 0 முதல் 7 வரை சர்வதேச அளவுகோலே இருக்கிறது. பானத்தை 10 மில்லி சிரிஞ்சில் ஊற்றி, 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சத்தை அளப்பார்கள். கணக்குப் படிக்கிற எனக்கு இது ரொம்பப் பிடித்தது! ஆனால் யாருக்கு எந்தக் கெட்டி என்று சோதித்துத்தான் சொல்ல வேண்டும், நாமே முடிவு பண்ணக்கூடாது.

அக்கா சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: நன்றாக முழிப்பு வந்தபிறகு ஊட்டு. நிமிர்த்தி உட்கார வை. பல்செட்டை மாட்டு. சின்னக் கரண்டி. ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டதும் அரைமணி நேரம் படுக்க விடாதே. வாயைச் சுத்தமாய் வை, வாயில் இருக்கிற கிருமிதான் நெஞ்சுக்குள் போகிறது. சாப்பிடும்போது இருமினாலோ, குரல் ஈரமாய்க் கரகரத்தாலோ உடனே சொல்லு.

இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால்... அல்லது நானாவது கேட்டிருந்தால்.

இப்போது அப்பத்தா வாக்கர் பிடித்து வாசல் வரை வருகிறது. போன வாரம் கஞ்சி குடிக்கும்போது லேசாய் இருமியது. அத்தை பழக்கத்தில், "யாரோ நினைக்கிறாங்க ஆத்தா" என்றார். அப்பத்தா சொன்னது: "நினைக்கிறவனை வந்து என்னைய நிமித்தி உக்கார வைக்கச் சொல்லு!"

உங்கள் வீட்டிலும் ஒரு அப்பத்தாவோ தாத்தாவோ ஆஸ்பத்திரியில் இருந்தால், இளநீரை நீட்டும் முன் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள் நண்பர்களே.